கஜாவுக்குப் பின் எங்கள் ஃபீடர்: எந்தக் கம்பத்தை முதலில் நடுவது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், வீச்சில் 120 வரை என்று வானிலைத் துறை சொன்னது. எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். விடிந்து கதவைத் திறந்தபோது தோப்பில் நின்ற தென்னைகளைவிடப் படுத்துக் கிடந்தவை அதிகம். டெல்டாவிலும் சுற்று மாவட்டங்களிலும் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் வீட்டில் விளக்கு எரிய 23 நாள் ஆனது.

அந்த நாட்களில் வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆட்கள் முழங்காலளவு சேற்றில் நின்று கம்பம் நட்டதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அவர்கள் உழைப்பை மறக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி அப்போதே மனதில் தங்கிவிட்டது. ஒரே ஃபீடரில், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்கு வரும் ஒரே மின்பாதையில், நானூறு, ஐந்நூறு கம்பங்கள் விழுந்து கிடக்கும்போது எதை முதலில் நட்டால் ஊரின் இருட்டு சீக்கிரம் குறையும்? அதைப் புயல் வந்த பிறகு யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. முன்கூட்டியே கணினியில் ஒரு புயலை அடிக்கவிட்டுப் பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை இது. எட்டு மாத வார இறுதிகள் போயின. நான் படித்தது மின்பொறியியல், பார்ப்பது மென்பொருள் வேலை. இரண்டும் ஒன்றாக உதவியது இதில்தான்.

முதலில் வரைபடம். துணை மின்நிலையத்திலிருந்து எங்கள் பக்கம் வருவது ஒரு 11 கே.வி. (11,000 வோல்ட்) ஃபீடர். பைக்கில் போய், செல்போனில் ஜி.பி.எஸ். வைத்து ஒவ்வொரு எச்.டி. (உயர் அழுத்த லைன்) கம்பமாகக் குறித்தேன். கிளைகளோடு சேர்த்து 18 கிலோமீட்டர், 330 கம்பங்களுக்குச் சற்று மேல், 27 டிரான்ஸ்பார்மர்கள், லைனைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் நான்கு ஏ.பி. சுவிட்ச். சராசரியாக 55 மீட்டருக்கு ஒரு கம்பம். டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகும் எல்.டி. (தாழ்வழுத்த) கம்பங்கள் முழுவதையும் எண்ண முடியவில்லை. மூன்று ஊர்களில் எண்ணி, டிரான்ஸ்பார்மருக்கு 35 என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் 950 வருகிறது. சாலைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுத்தேன். தோப்புக்குள் போகும் வண்டிப்பாதைகள் அதில் பாதிக்கு மேல் இல்லை, அவற்றை நானே வரைந்து சேர்த்தேன். இது அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்தே ஆக வேண்டும். கம்பம் ஏற்றிய டிராக்டர் எந்த வழியாக வரும் என்பது தெரியாத கணக்கு எதற்கும் உதவாது.

மின் அமைப்பை பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு மரமாக எழுதினேன். துணை மின்நிலையம் வேர், ஃபீடரின் முதன்மை லைன் அடிமரம், டிரான்ஸ்பார்மர்கள் இலைகள். கிராமத்து ஃபீடர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடிமரம் ஒரு இடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது முழுவதும் இருட்டு.

அடுத்தது சேதம். காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80 கிலோமீட்டர் காற்று 110 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தள்ளும் விசையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒவ்வொரு கம்பத்துக்கும், இந்த வேகத்தில் இது முறிய எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு வளைவு கொடுத்து, புயலை ஆயிரம் முறை ஓடவிட்டேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் பகடை வேறு மாதிரி விழும், விழும் கம்பங்களும் மாறும். ஆயிரத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்த இடம் அடிக்கடி அடிபடுகிறது என்று தெரியும்.

முதல் முடிவு: எச்.டி. கம்பங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் விழுந்தன. எங்கள் ஊரில் கஜாவைப் பார்த்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். உட்கார்ந்து யோசித்தபோது பிழை புரிந்தது. எங்கள் பக்கம் கம்பத்தைச் சாய்த்தது காற்று மட்டும் இல்லை, தென்னையும்தான். வளர்ந்த தென்னை 20 மீட்டர் உயரம் இருக்கும். லைனிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும் மரம்கூட விழுந்தால் கம்பிமேல்தான் விழும். மரம் விழுந்ததும் கம்பி இழுக்கும், கம்பி இழுத்ததும் பக்கத்துக் கம்பம் அடியோடு ஒடியும், அது அதற்கடுத்ததை இழுக்கும். வரிசையாக ஏழெட்டுக் கம்பங்கள் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஸ்டே வயர் (கம்பத்தைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி) போட்டு இறுக்கிய முனைக் கம்பம் வரும்வரை அந்த இழுப்பு நிற்காது.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரண்டு கம்பத்துக்கும் இடையே லைனுக்குப் பக்கத்தில் எத்தனை தென்னை என்று எண்ணிச் சேர்த்தேன். ஒரு கம்பம் ஒடிந்தால் அடுத்தது ஒடிய பத்தில் நான்கு வாய்ப்பு என்று வைத்தேன். இப்போது எச்.டி.யில் 130 கம்பங்களும் எல்.டி.யில் 330 கம்பங்களும், மொத்தம் 460 விழுந்தன. ஊரார் நினைவோடு இது ஒத்துப்போனது.

இனி பழுது பார்க்கும் பகுதி. இதற்கு சிம்பை என்ற பைத்தான் நூலகம். கம்பம் நடும் குழு, மரம் வெட்டும் குழு, ஜே.சி.பி., கம்பம் கொண்டுவரும் லாரி என ஒவ்வொன்றும் அதில் தனித்தனியாக ஓடும். சாலையில் மரம் கிடந்தால் அது வெட்டப்படும்வரை கம்பம் நடும் குழு காத்திருக்கும். கம்பம் தீர்ந்தால் லாரி வரும்வரை காத்திருக்கும். முதலில் மூன்று குழு, குழுவுக்கு எட்டுப் பேர், கம்பம் வேண்டிய அளவு வரும் என்று ஓடவிட்டேன். எல்லா வீட்டுக்கும் கரண்ட் வர 11 நாள் என்றது.

அப்போதுதான் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த வேலையின் மிக முக்கியமான நாள் அது. திரையில் புள்ளிகள் சிவப்பிலிருந்து பச்சையாக மாறுவதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஒரு போஸ்ட் நட எவ்ளோ நேரம் போட்டிருக்கே தம்பி?”

“ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவா, மாமா.”

“ரோட்டோரம்னா சரி. கார்த்திகை மாசம் சம்பா வயல்ல தண்ணி நிக்கும். குழி தோண்டத் தோண்ட ஊத்து எடுத்து மண்ணு சரியும். டிராக்டர் உள்ள எறங்காது. போஸ்டத் தோள்ல தூக்கித்தான் போகணும். அதுக்கு மூணு மடங்கு போடு.”

அப்புறம் அவர் சொன்னவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். எல்.சி. (லைன் கிளியர், லைனில் கரண்ட் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்காமல் யாரும் லைனைத் தொட மாட்டார்கள். ஃபீடரின் ஒரு பகுதியில் ஏற்கெனவே கரண்ட் விட்டிருந்தால், அடுத்த பகுதியை அதோடு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியை நிறுத்தித்தான் சேர்க்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அவர் குரல் மாறியது இந்த இடத்தில்தான். யாரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை மெயின் சுவிட்சை அணைக்காமல் போட்டால், 230 வோல்ட் எல்.டி. லைனில் ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாகத் தலைகீழாகப் போய், மேலே 11,000 வோல்ட்டாக நிற்கும். செத்த லைன் என்று நம்பி ஏறியவர் இறங்கி வர மாட்டார். “அந்த எர்த் பண்ற நேரத்த மட்டும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் கொறைக்காதே” என்றார். அந்த நிமிடங்களை நிரலில் மாற்ற முடியாத எண்ணாக வைத்துவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றியே இருக்காது. வெளியூரிலிருந்து வரும் குழு எவ்வளவு திறமையாக இருந்தாலும் முதல் இரண்டு நாள் பாதி வேலைதான் நடக்கும். லைன் எந்தத் தோப்புக்குள் புகுந்து எங்கே வெளியே வருகிறது, எந்த சுவிட்ச் எதை நிறுத்தும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர் வயர்மேன் ஒருவரை அனுப்பினால் இந்தத் தாமதம் போய்விடும். உள்ளூரில் இருப்பதோ நாலைந்து பேர்தான். ஆகவே இருபது குழு வந்தாலும் பயனில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

இவை எல்லாம் சேர்த்து, லாரி நாளுக்கு 25 கம்பம்தான் கொண்டுவரும் என்றும் வைத்த பின், ஒரு குழு நாளுக்குச் சராசரியாக எட்டுக் கம்பம் நட்டது. 11 நாள் 21 ஆனது. நிஜத்தில் எங்களுக்கு ஆனது 23. அன்று எத்தனை குழு, எத்தனை லாரி என்று என்னிடம் துல்லியமான பதிவு இல்லாததால் இந்த நெருக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கு இப்போது நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

இப்போது மூலக் கேள்வி, எந்த வரிசை? ஒரு சின்னக் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இரண்டு கிளைகள். ஒன்றில் 240 வீடு, சரிசெய்ய 40 மணி நேரம். மற்றதில் 90 வீடு, 9 மணி நேரம். குழு ஒன்றுதான். பெரிய கிளையை முதலில் எடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் 240 வீடு 40 மணி நேரமும் 90 வீடு 49 மணி நேரமும் காத்திருக்கும், மொத்தம் 14,010 வீடு-மணி. சின்னதை முதலில் முடித்தால் 12,570. வித்தியாசம் 1,440 வீடு-மணி, அதாவது ஒரு வீடு 60 நாள் இருட்டில் இருப்பதற்குச் சமம். வீட்டு எண்ணிக்கையை மணி நேரத்தால் வகுத்து, அதிகம் வருவதை முதலில் செய்ய வேண்டும். ஸ்மித் என்பவர் தொழிற்சாலை வேலைகளை வரிசைப்படுத்த 1956-இல் எழுதிய விதி இது.

ஃபீடரில் இதை அப்படியே போட முடியாது. அடிமரத்தின் ஒரு துண்டில் வீடே இருக்காது, ஆனால் அதைச் சரிசெய்யாமல் பின்னால் எதுவும் எரியாது. நான் இரண்டு வாரம் தடுமாறியது இங்கேதான். என் நிரல் வீடில்லாத அடிமரத் துண்டுகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கிளைகளில் கம்பங்களை நட்டுக்கொண்டே போனது. பதினான்காம் நாள்வரை ஒரு விளக்கும் எரியவில்லை. தேடியபோது, மரம் போன்ற அமைப்புக்கு 1972-இல் ஹார்ன் என்பவர் தீர்வு சொல்லியிருப்பது கிடைத்தது. ஒரு துண்டைத் தனியாகப் பார்க்காமல், அதையும் அதற்குப் பின்னால் உள்ளதில் நல்ல பகுதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்கு விகிதம் பார்க்க வேண்டும். ஒரே குழு என்றால் இது துல்லியமான விடை. பல குழுக்கள் இருந்தால் நல்ல வழிகாட்டி, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. துணை மின்நிலையத்திலிருந்து வரிசையாக நட்டுக்கொண்டு போவதைவிட, இருட்டில் கழியும் வீடு-நாட்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

பட்டியலை ஊரில் காட்டியபோது என் அம்மாதான் முதல் தவறைப் பிடித்தார். “தண்ணி டேங்க் மோட்டார் எத்தனாவதுடா?” பத்தொன்பதாவது. அந்த டிரான்ஸ்பார்மரில் இருப்பது இரண்டே வீடு, ஆகவே கணக்கு அதைக் கீழே தள்ளியிருந்தது. அந்த மோட்டார் நிரப்பும் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது 310 வீடு. கஜாவின்போது ஜெனரேட்டரை ஊர் ஊராக எடுத்துப் போய்த்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். குடத்தோடு பெண்கள் காத்து நின்றதை நானே பார்த்திருந்தும் என் கணக்கில் அது இல்லாமல் போனது. விளக்கை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும். தொட்டியில் தண்ணீர் பிடிக்கும் வீடுகளின் எண்ணிக்கையையே மோட்டாரின் எடையாக வைத்தேன். நான்காம் இடத்துக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதேபோல் எடை கொடுத்தேன். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணினியால் சொல்ல முடியாது, ஊர் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

அடுத்து ஆட்களும் பொருளும். மூன்று குழுவோடு 21 நாள் என்று பார்த்தோம். ஆறு குழுவாக்கினால் பாதியாகும் என்று எதிர்பார்த்தேன். 19 நாள்தான் வந்தது. நிகழ்வுப் பதிவைத் திறந்து பார்த்தால் குழுக்கள் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, கம்பம் இல்லை. சரி, புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே 150 கம்பங்களை ஃபீடரின் நடுவிலும் கடைசியிலும் இரண்டு மேட்டு நிலங்களில் அடுக்கி வைத்தால்? மூன்று குழுவோடு 20 நாள். இப்போது கம்பம் இருக்கிறது, நட ஆள் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 13 நாள். இந்த நான்கு எண்களையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சரிபார்த்தேன், ஏனென்றால் இதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். ஆளை மட்டும் கூட்டினாலும் பொருளை மட்டும் குவித்தாலும் ஓரிரு நாள்தான் மிச்சம். இரண்டும் ஒரே நேரத்தில், சரியான இடத்தில் இருந்தால் எட்டு நாள் மிச்சம். புயல் கரையேறும் இடம் ஓரளவு தெரிந்த பிறகும் லாரி ஓட்ட ஒன்றிரண்டு நாள் இருக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது.

கம்பமெல்லாம் நட்டாயிற்று, கம்பி இழுத்தாயிற்று, சுவிட்சைப் போட்டால் கரண்ட் வந்துவிடுமா? இதற்கு, லைனில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எப்படி இருக்கும் என்று கணக்கிடும் ஓபன்டிஎஸ்எஸ் பயன்படுத்தினேன். அமெரிக்காவின் எலெக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் 2008-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்து வரும்போது ஒவ்வொரு வீட்டு ஃப்ரிட்ஜும், தண்ணீர் மோட்டாரும், காலியான இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒரே நொடியில் இழுக்கும். சாதாரண நாளில் இவை மாறி மாறித்தான் ஓடும். முதல் அரை மணிக்கு இரண்டு மடங்கு சுமை என்று கொடுத்தேன். முழு ஃபீடரையும் ஒன்றாகப் போட்டபோது துணை மின்நிலையத்து பிரேக்கர் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் அளவுக்கு மின்னோட்டம் போனது. பகுதி பகுதியாகச் சேர்த்தால் தாங்கியது. ஆனால் ஏ.பி. சுவிட்சைச் சுமையோடு இயக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பகுதியைச் சேர்க்கும்போதும் மின்நிலையத்தில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டு, மறுபடி விட வேண்டும். மாமா எல்.சி. பற்றிச் சொன்னது இங்கே வந்து சேர்ந்தது.

பக்கத்து ஃபீடரின் கடைசிக் கம்பத்திலிருந்து எங்கள் கடைக்கோடிக்கு 400 மீட்டர்தான். அங்கே இணைத்தால் கடைசி இரண்டு ஊருக்கு ஒரு வாரம் முன்பே கரண்ட் கிடைக்கும் என்று நிரல் காட்டியபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஓபன்டிஎஸ்எஸ் அதைக் கலைத்தது. அந்த லைனில் இருப்பது வீசல் என்ற மெல்லிய வகைக் கம்பி, கிலோமீட்டருக்கு 0.9 ஓமுக்கு மேல் தடை. எங்கள் ஊர்களும் சேர்ந்தால் கடைசி முனையில் 11 கே.வி. 9.4 ஆக இறங்குகிறது. 9 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதாவது 10 கே.வி.க்குக் கீழே போகக் கூடாது. விவசாய மோட்டார்களை நிறுத்தி வைத்து, வீடுகளும் குடிநீர் மோட்டாரும் மட்டும் என்றால் 10.2 நிற்கிறது. இந்த நிபந்தனையோடுதான் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத் தாளாக அச்சிட்டேன். புயலன்று கரண்டும் இருக்காது, செல்போன் டவரும் இருக்காது, ஆகவே தாள்தான். முதல் பக்கம் வரைபடம், கம்பம் அடுக்க வேண்டிய இரண்டு இடம், சுவிட்சுகள், லாரி போகும் வழி. இரண்டாம் பக்கம் வேலை வரிசையும் ஒவ்வொரு குழுவோடும் எந்தப் பகுதி தெரிந்த வயர்மேன் போக வேண்டும் என்பதும். பிரிவு அலுவலகத்தில் கொடுத்தபோது பொறியாளர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஒரு மேட்டு நிலத்துக்குப் போகும் பாலம் கம்ப லாரியைத் தாங்காது என்று சொல்லி, வேறு இடம் காட்டினார். மாற்றிவிட்டேன்.

சின்ன சோதனை ஒன்றும் தானாக வந்தது. கோடை மழைக் காற்றில் ஒரு கிளையில் 11 கம்பங்கள் விழுந்தன. விழுந்தவற்றைக் கணினியில் குறித்து, ஒரு குழுவோடு ஓடவிட்டேன். 17 மணி நேர வேலை என்றது. ஆனது 24. கூடவே இருந்து கடிகாரம் பார்த்ததில் காரணம் தெரிந்தது. சாலையில் கிடக்கும் மரத்தைக் கணக்கில் வைத்திருந்தேன், கம்பிமேல் சாய்ந்து தொங்கும் மரத்தை வைக்கவில்லை. கம்பி அறாமல், வெட்டுபவர்மேல் விழாமல், கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க ஒரு மரத்துக்கு முக்கால் மணி நேரம். அன்று ஒன்பது மரங்கள். விடுபட்ட ஏழு மணி நேரம் அங்கேதான் இருந்தது.

இந்த நேரத்தைச் சேர்த்து ஆயிரம் ஓட்டத்தையும் மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். 13 நாள் 15 ஆகியிருக்கிறது. கம்பம் நடும் குழுவுக்கு முன்னால் மரம் இறக்கத் தெரிந்த இரண்டு பேரைத் தனியாக அனுப்பினால் எவ்வளவு குறையும் என்பது இந்த வார இறுதி வேலை. தென்னை ஏறத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டு, ஐப்பசி பிறப்பதற்குள் தாளைப் புதிதாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.